பாயிண்ட் பட்டியலை எடுத்துவிட்டுச் சீட்டைக் கொடுங்கள்

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். டீமில் பதினொரு பேர். ஐந்து பேர் ஆபீஸ் வருகிறார்கள். மற்றவர்கள் மதுரை, சேலம், நாகர்கோவில் என்று அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். எல்லாரும் கலகலப்பாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று மேலிடம் ஒரு செயலியைக் கொடுத்தது. டாஸ்க் முடித்தால் பாயிண்ட், இன்னொருவருக்கு உதவினால் பேட்ஜ், வெள்ளிக்கிழமை மாலை ஆன்லைன் விளையாட்டு. இரண்டு மாதமாகப் பட்டியலில் மேலே இருப்பது அதே மூன்று பெயர்கள்தான். மீட்டிங்கில் ஜூனியர்கள் முன்பு பேசிய அளவுகூடப் பேசுவதில்லை. "அக்கா, இந்த பாயிண்ட் அப்ரைசல்ல வருமா?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

பதில்: அந்தப் பெண்ணுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் மேலிடத்திடம் பேசி, "பாயிண்ட் அப்ரைசலுக்குப் போகாது" என்று உறுதி வாங்கி, டீம் முழுவதற்கும் எழுத்தில் அனுப்புங்கள். உறுதி தர மறுத்தால் அந்தப் பட்டியலை உங்கள் டீமுக்கு மட்டுமாவது மூடச் சொல்லிக் கேளுங்கள். சம்பள உயர்வோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அதை யாராலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் அனஹைமில், டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைப் பிரிவில் யார் எவ்வளவு வேகம் என்று பெயரோடு காட்டும் திரைகளை வைத்தார்கள். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் 'மின்னணுச் சாட்டை'. பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் சிலர் கழிப்பறைக்குக்கூடப் போகாமல் வேலை செய்ததாக 2011இல் செய்தி வந்தது. உங்கள் டீமில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் டாஸ்க்குக்கு இத்தனை பாயிண்ட் என்றால் சின்னச் சின்ன டாஸ்க்கைத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். சிக்கலான ஒரு பிழையைப் பிடிக்க அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து உதவியவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு பேட்ஜ்.

இரண்டாவது, சம்மதம். வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் ஈத்தன் மாலிக்கும் நான்சி ராத்பார்டும் ஒரு விற்பனை டீமில் கூடைப்பந்து மாதிரி ஒரு விளையாட்டைப் புகுத்தி ஆராய்ந்தார்கள். விதி புரிந்து, நியாயம் என்று நம்பி, மனசார ஆடியவர்களுக்கு வேலையின் மேல் நல்லுணர்வு கூடியது. சம்மதமில்லாமல் இழுத்து விடப்பட்டவர்களுக்கு அது குறைந்தது. விளையாட்டு ஒன்றே, ஆடியவர்களின் மனசுதான் வேறு. ஆகவே உங்கள் வெள்ளிக்கிழமை விளையாட்டுக்கு "வர விருப்பமா?" என்று கேளுங்கள், வராதவரிடம் காரணம் கேட்காதீர்கள். நேரத்தையும் மாற்றுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தையை டியூஷனிலிருந்து கூட்டி வரவேண்டியவரை கேமராவுக்கு முன்னால் சிரிக்கச் சொல்வது கொடுமை. மதியம் மூன்று மணி, வேலை நேரத்துக்குள், இருபது நிமிடம் போதும்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். விளையாட்டை வேலைக்குள்ளேயே கொண்டுவாருங்கள். சின்ன வயதில் அணி பிரிக்க 'சாட் பூட் த்ரீ' போட்டிருப்பீர்கள். எல்லார் கையும் ஒரே நொடியில் விழும். இன்னொருத்தர் உள்ளங்கையைப் பார்த்து யாரும் மாற்ற முடியாது. மென்பொருள் துறையில் 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதிவைத்த 'பிளானிங் போக்கர்' இந்த வகைதான். ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று ஒவ்வொருவரும் 1, 2, 3, 5, 8, 13 என்ற எண் சீட்டுகளில் ஒன்றை ரகசியமாக எடுத்து, ஒரே சமயத்தில் காட்ட வேண்டும். இதற்கு இலவச இணையதளங்களே இருக்கின்றன. நாகர்கோவிலில் இருப்பவரும் ஆபீஸில் இருப்பவரும் ஒரே நொடியில் சீட்டைத் திருப்பலாம்.

ஒரு டீமில் நான் நேரில் பார்த்தது. 'ரீஃபண்ட் பக்கத்தில் ஒரு பட்டனை மாற்றுவது' என்று வேலை. சீட்டு திரும்பியது: சீனியர் 2, பெரும்பாலோர் 3, சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பையன் 13. விதிப்படி மிகக் குறைவாகப் போட்டவரும் மிக அதிகமாகப் போட்டவரும் காரணம் சொல்ல வேண்டும். பையன் மியூட்டை எடுத்தான். "அந்த பட்டனை அழுத்தினா பழைய ரசீதெல்லாம் திரும்ப உருவாகுது சார். போன வாரம் டெஸ்ட் பண்ணப்போ பார்த்தேன்" என்றான். சில நொடி யாரும் பேசவில்லை. சீனியர்தான் முதலில், "தம்பி சொல்றது சரி" என்றார். வழக்கமான மீட்டிங்காக இருந்தால் சீனியர் முதலில் "ரெண்டு நாள் வேலை" என்றிருப்பார், பையன் தலையாட்டியிருப்பான். வாய் திறக்க அவனுக்குத் தைரியம் வந்தது திடீரென்றல்ல. விதி அவன் முறையைக் கொடுத்தது. உங்கள் டீமில் குறைவது இதுதான் என்று நினைக்கிறேன்.

எஸ்டிமேட் இல்லாத விஷயங்களுக்கு ஆன்லைன் ஒயிட்போர்டு போதும். கேள்வியைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் பெயரில்லாத சீட்டுகளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு வாசியுங்கள். லீடான நீங்கள் எப்போதும் கடைசியில் பேசுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆபீஸில் விளையாட்டா என்று மேலிடத்தில் யாராவது முகம் சுளித்தால் பல ஆபீஸ்களில் பயன்படும் அரட்டைச் செயலியான ஸ்லாக்கின் கதையைச் சொல்லுங்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் அவர் குழுவும் 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வெவ்வேறு ஊர்களில் இருந்ததால் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு அரட்டைக் கருவியைத் தட்டிக் கொட்டிச் சேர்த்தார்கள். விளையாட்டு 2012இல் மூடப்பட்டது, அந்தக் கருவி 2014இல் ஸ்லாக்காக வெளிவந்தது.

அடுத்த ஆறு வாரம் ஒரு நோட்டில் இதை மட்டும் குறியுங்கள்: ஒவ்வொரு மீட்டிங்கிலும் யார் யார் பேசினார்கள், யாருடைய பேச்சால் முடிவு மாறியது. பாயிண்ட் பட்டியலுக்குப் பதிலாக அந்தப் பக்கங்களை மேலிடத்திடம் காட்டுங்கள். அப்ரைசலைப் பற்றிக் கேட்டாளே, அந்தப் பெண்ணின் பெயர் அதில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்து எனக்கும் எழுதுங்கள்.