தோட்டாக் கூடும் குதிரை லாயமும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் திரும்பப் பயன்படுத்த, ஏதோ தூளில் போட்டு உருட்டுகிறார். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் ஆகாதா?

பதில்: ஆகும். சிலர் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பதும் அதே வித்தைதான். ஆனால் ஐந்நூறு கூடுகளை யார் தேய்ப்பது? அதனால் வால்நட் ஓட்டுத் தூளோ சோளத்தக்கைத் தூளோ போட்டு, அதிரும் தொட்டியில் சில மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூசியில் ஈயம் உண்டு, வீட்டுக்குள் தொட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம், அமோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது.