உத்தரவு முதலில், குழந்தை அப்புறம்: வளர்ப்புப் பராமரிப்பு கேள்வி பதில்

பெற்றவர்களால் இப்போது வளர்க்க முடியாத குழந்தையை வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதே வளர்ப்புப் பராமரிப்பு. அப்படிக் குழந்தையை ஏற்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. விவாகரத்துக்குப் பின் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பது குடும்ப நீதிமன்ற விவகாரம். அதை வக்கீலிடம் கேளுங்கள்.

கே (சேலம், ஒரு தம்பதி): தத்தெடுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எங்கே தொடங்குவது?

ப: தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையின் பெயர் மாறாது, வாரிசுரிமை வராது, பெற்றவர்களின் உறவும் அறுபடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு குழந்தையை உங்கள் வீட்டில் வைக்கிறது. மாதந்தோறும் ஆய்வு உண்டு. குறை கண்டால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். பெற்றவர்கள் தகுதியாகிவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் குழந்தை அங்கே திரும்பும். அன்றைக்கு அழலாம், தவறில்லை. தரமாட்டேன் என்று கதவை அடைக்கக் கூடாது. அது நம்மால் ஆகாது என்று இப்போதே தோன்றினால் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது.

தொடங்கும் இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிமுறைக்குப் பிறகு, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய ஆணையமான காராவின் (CARA) இணையதளத்திலும் பதிவு செய்யலாம். தம்பதி என்றால் குறைந்தது 2 ஆண்டு நிலையான மணவாழ்க்கை, இருவர் வயதையும் கூட்டினால் 70க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆதார், முகவரிச் சான்று, திருமணச் சான்று, வருமானச் சான்று, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு மருத்துவச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, உங்களை அறிந்த இரண்டு பேரின் பரிந்துரை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டு ஆய்வு என்றதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் உண்டு. அவர் சுவரைப் பார்க்க வரவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வருகிறார்.

விண்ணப்பம் பெரும்பாலும் உடைவது அங்கேதான். கணவனும் மனைவியும் முடிவு செய்திருப்பார்கள், மாமியாருக்கு விஷயமே தெரிந்திருக்காது. சொந்தப் பிள்ளைக்கு 9 வயது, வரப்போகிற குழந்தைக்கும் 9 வயது என்றால் ஆறே மாதத்தில் வீடு இரண்டாகும். இரண்டு பேருக்கும் இடையே சில வயது வித்தியாசம் கேளுங்கள். ஆய்வு முடிந்து, ஒப்புதல் குழு பரிந்துரைத்து, குழந்தையைச் சில முறை சந்தித்துப் பழகிய பிறகே நலக் குழு உத்தரவு போடும். நீங்களும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுவீர்கள். உத்தரவு கைக்கு வரும்வரை குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். ஒரு நாளைக்கு என்றாலும்.

கே (ஈரோடு): பிறந்த குழந்தை கிடைக்குமா?

ப: இந்த வழியில் கிடைக்காது. வளர்ப்புப் பராமரிப்பு 6 வயதைக் கடந்த குழந்தைகளுக்கு. கைக்குழந்தை வேண்டுமென்றால் காராவில் தத்தெடுப்புக்குப் பதிவு செய்யுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியரே தருகிறார்.

கே (விழுப்புரம், ஒரு பாட்டி): மகள் இறந்துவிட்டாள், மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். பேத்தி என்னிடம்தான் வளர்கிறாள். வளர்ப்புப் பராமரிப்புக்கு அரசு தரும் மாதப் பணம் எனக்கு வருமா?

ப: அம்மா, நீங்கள் ரத்த உறவு. வளர்ப்புப் பராமரிப்பு வெளிக் குடும்பத்துக்கானது. உங்களுக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு: மாதம் 4000 ரூபாய், குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இன்னொன்று, 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள்: 18 வயதுவரை மாதம் 2000 ரூபாய். இரண்டுக்கும் பாதுகாப்பு அலகையே போய்ப் பாருங்கள். மகளின் இறப்புச் சான்று, பேத்தியின் பிறப்புச் சான்று, ஆதார், படிப்புச் சான்று, உங்கள் குடும்ப அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தகப்பன் உயிரோடு இருப்பதால் கேள்வி வரும். அவர் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்பதை எழுத்தில் சொல்லி, தெரிந்த இருவரின் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

கே (கோவை, தனியாக வாழும் ஆண்): எனக்குத் தருவார்களா?

ப: 35 முதல் 60 வயதுவரை உள்ள, மணமாகாத, துணையை இழந்த, விவாகரத்தான யாரும் விண்ணப்பிக்கலாம். பெண் என்றால் ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டுக்கும்; ஆண் என்றால் ஆண் குழந்தைக்கு மட்டும். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பையன் யாரோடு இருப்பான் என்று கேட்பார்கள். பதில் இல்லாமல் போகாதீர்கள்.

கே (திருப்பூர்): எங்கள் சாதியிலேயே குழந்தை கேட்கலாமா?

ப: உங்கள் திறன், நோக்கம், வசதி, பிள்ளை வளர்த்த அனுபவம், இந்த நான்கைப் பார்த்துத்தான் குடும்பத்தைத் தேர்வு செய்யச் சொல்கிறது சட்டம். சாதி அதில் இல்லை. அடுத்த கேள்வி.

கே (மதுரை): வளர்ப்புப் பராமரிப்புக்கு அரசு தரும் மாதம் 4000 ரூபாயில் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா? இதை ஒரு வேலையாக்கிச் சம்பளம் தந்தால் என்ன?

ப: அந்த 4000 சம்பளம் அல்ல, குழந்தையின் செலவுக்கு. முன்பு 2000 ஆக இருந்தது, 2022இல் வந்த மிஷன் வாத்சல்யா நெறிமுறையில் உயர்த்தினார்கள். வங்கிக் கணக்கு வழியாகத்தான் வரும். மாதம் பிறந்ததும் வந்துவிடும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள்; தாமதத்தைத் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும். சம்பளம் தர வேண்டுமா என்றால், சில குழந்தைகளுக்காகக் கட்டாயம் தர வேண்டும் என்பது என் கருத்து.

குறுக்கீடு (தஞ்சாவூர்): காசு வாங்கிக்கொண்டு வளர்ப்பதற்குப் பேர் பாசமா? விடுதி நடத்துவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

ப: செவிலியர் சம்பளம் வாங்குகிறார், அதனால் அவர் நோயாளியை வெறுக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. சம்பளம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தன்னார்வக் குடும்பம் குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறது. சாதுவான, ஆரோக்கியமான 7 வயதுக் குழந்தைக்கு வீடு கிடைத்துவிடும். வலிப்பு உள்ள பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, ஓடிப்போகும் பழக்கமுள்ள 14 வயதுப் பையன், பிரிக்கக் கூடாத மூன்று உடன்பிறப்புகள், இவர்களை யார் கேட்கிறார்கள்? உடன்பிறந்தவர்களை இயன்றவரை சேர்த்தே வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று பேருக்கும் இடம் உள்ள வீட்டை யார் தருவது?

குறுக்கீடு (திருச்சி, சமூகப் பணியாளர்): சம்பளம் என்றதும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள், அதில் எட்டுப் பேர் பணத்துக்காக. வடிகட்டுவது யார்? எங்களிடம் ஆள் எங்கே?

ப: நியாயமான அச்சம். ஆனால் இன்றைக்கு வடிகட்டுவதும் அதே ஆட்கள்தானே? வெளிநாடுகளில் இதைப் பல விதமாகச் செய்கிறார்கள். ருமேனியாவில் தொழில்முறை வளர்ப்புப் பெற்றோர், குழந்தைப் பாதுகாப்புத் துறையோடு வேலை ஒப்பந்தம் உள்ள ஊழியர். பயிற்சியும் சான்றும் இல்லாமல் அந்த வேலை கிடையாது. இங்கிலாந்தில் குழந்தையின் செலவுக்கு ஒரு படியும், பலருக்கு அதற்கு மேல் கட்டணமும் உண்டு. வரிக் கணக்கில் அவர்கள் சுயதொழில் செய்பவர்கள். இரண்டிலும் கோளாறு உண்டு. தலைக்கு இவ்வளவு என்று பணம் போனால் வீட்டில் தலைகளைக் கூட்டும் ஆசை வரும். குழந்தை இல்லாத மாதத்தில் பணம் நின்றால், பழகிய நல்ல ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே பணத்தைத் தலைக்குக் கட்டாமல் பணிக்குக் கட்ட வேண்டும்: நள்ளிரவில் அழைத்தால் குழந்தையை ஏற்பது, தினமும் பதிவேடு எழுதுவது, பயிற்சிக்கு வருவது, பெற்றவர்களின் சந்திப்புக்குக் குழந்தையைக் கூட்டிப் போவது, வழக்கு நாளில் நலக் குழு முன் பேசுவது. இவ்வளவும் கேட்டுவிட்டு 'சேவை' என்று சொல்லி அனுப்பினால் யார் நிலைப்பார்கள்?

குறுக்கீடு (தஞ்சாவூர்): குழு வளர்ப்புப் பராமரிப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறதே, அது போதாதா?

ப: இருக்கிறது. ஒரு வீடு, பராமரிப்பாளர்கள், அதிகபட்சம் 8 குழந்தைகள். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் பள்ளிக்கும் மருத்துவருக்கும் ஓடுகிறவருக்கு வார விடுமுறையே இல்லை என்றால், அது பெயர்ப்பலகை மாற்றிய குழந்தைகள் இல்லம். நான் கேட்பது ஓய்வு நாள், மாற்று ஆள், பயிற்சி, பொறுப்பு. பாசம் சட்டத்தில் எழுதி வருவதில்லை. அது வர இடம் விட்டு வைக்கலாம். தஞ்சாவூர்க்காரர் மறுபடியும் வருவார் என்று தெரிகிறது. மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

கே (நாகர்கோவில்): குழந்தை வந்து மூன்று வாரம் நல்லபடி இருந்தது. இப்போது சோற்றை ஒளித்து வைக்கிறது, பொய் சொல்கிறது, படுக்கையை நனைக்கிறது. எங்கே தவறு செய்தோம்?

ப: தவறு எதுவும் இல்லை. முதல் சில வாரம் குழந்தை விருந்தாளி. அப்புறம்தான் இந்த வீடு தன்னைத் துரத்துமா என்று சோதிக்கும்.

உணவை ஒளிப்பது பசித்துக் கிடந்த குழந்தையின் சேமிப்பு. திருட்டு என்று பேசாதீர்கள், பூட்டும் போடாதீர்கள். கெடாத தின்பண்டம் உள்ள ஒரு டப்பாவைக் குழந்தையின் அலமாரியில் வையுங்கள், அது உன்னுடையது என்று சொல்லுங்கள், காலியானால் கேட்காமல் நிரப்புங்கள். சில மாதங்களில் டப்பா மறந்துபோகும். படுக்கை நனைவதற்கு ரப்பர் விரிப்பு, இரண்டு மாற்று விரிப்பு, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு. மற்றவர் முன்னால் பேச்சே வேண்டாம். தொடர்ந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு ஆலோசகர். பொய்க்கு 'ஏன் பொய் சொன்னாய்' என்ற விசாரணை கூடாது. உண்மை உங்களுக்கே தெரிந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

அடி கூடவே கூடாது. இங்கே அடித்தால் வீட்டுப் பேச்சோடு முடியாது, நலக் குழு வரை போகும். குழந்தை கொண்டுவந்த பழைய சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், புதுப்பெயர் வைக்காதீர்கள்.

கே (வேலூர்): பெற்ற அம்மா மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார். அவர் போனபின் பையன் இரண்டு நாள் சாப்பிடுவதில்லை, பொருளை உடைக்கிறான். சந்திப்பை நிறுத்தச் சொல்லலாமா?

ப: அவன் உடைவது அம்மா வந்ததால் அல்ல, அம்மா போனதால். பெற்றவர்கள் பார்க்க வரலாம் என்பதைச் சட்டமே சொல்கிறது. நிறுத்த வேண்டுமானால் குழு காரணத்தை எழுதிவைத்துத்தான் நிறுத்த முடியும். சந்திப்பை நீங்களே ரத்து செய்யாதீர்கள். அடுத்த நாள் பள்ளி விடுமுறையாக இருக்கும்படி நாளை மாற்றக் கேளுங்கள். சந்திப்பு முடிந்த மாலையில் விருந்தாளியும் உறவுக்காரர் வீட்டுப் பயணமும் வேண்டாம்.

பதிவேடு எழுதுங்கள்: தேதி, நேரம், யார் வந்தார்கள், என்ன நடந்தது, பையன் என்ன சொன்னான் (அவன் சொன்ன சொல்லிலேயே). 'அம்மா குடித்திருந்தார் போல' என்பது ஊகம். 'வாயில் சாராய வாடை, நடை தள்ளாடியது' என்பது பதிவு. குழு முன் எடுபடுவது இரண்டாவது. பையன் பழைய வீட்டில் நடந்த கொடுமை எதையாவது சொன்னால் துருவிக் கேட்காதீர்கள். கேட்டதை எழுதி அன்றைக்கே அலகுக்குத் தெரிவியுங்கள். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

கே (கடலூர்): பள்ளியில் தகப்பன் பெயர் இடத்தில் என் பெயரை எழுதலாமா?

ப: கூடாது. பாதுகாவலர் இடத்தில் எழுதுங்கள், உத்தரவின் நகலைக் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதம், வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க 2009 கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. அறுவை சிகிச்சைக்கு யார் ஒப்புதல் தருவது, வெளிமாநிலம் கூட்டிப் போகலாமா என்பதையும் உத்தரவு போடும்போதே எழுதித் தரக் கேளுங்கள். விபத்தன்று மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு நலக் குழுத் தலைவருக்கு போன் செய்யும் நிலை வேண்டாம்.

கே (சென்னை): குழந்தையோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?

ப: வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவைப் படியுங்கள். அடையாளம் வெளியானால் 6 மாதம்வரை சிறை, 2 லட்சம்வரை அபராதம்.

கே (திருநெல்வேலி): தத்தெடுப்பில் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டுமாமே. இப்படி எடுத்துப் பிறகு தத்தாக மாற்றிக்கொள்ளலாமா?

ப: இதே கேள்வி நான்காவது முறை வருகிறது. ஒரு குழந்தை குறைந்தது 2 ஆண்டு உங்களோடு இருந்து, சட்டப்படி தத்துக்கு உரியதாகவும் ஆனால் மட்டுமே அந்தப் பேச்சு. முன்பு 5 ஆண்டு. தத்துக்கு உரியது என்று குழு அறிவித்த குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்புக்குத் தரக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கொல்லைப்புற வழியாக இதைப் பார்க்காதீர்கள்.

கே (தர்மபுரி): தெரிந்த ஒருவர் மருத்துவமனையிலிருந்தே குழந்தை தருகிறேன் என்கிறார். பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாமா?

ப: முத்திரைத்தாள் எழுதி எந்தக் குழந்தையும் யாருக்கும் வராது. பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு, 5 ஆண்டுவரை கடுங்காவல். நடைமுறை இல்லாமல் தத்து என்றால் 80ஆம் பிரிவு, 3 ஆண்டுவரை. உத்தரவு முதலில். இப்போதே 1098க்குச் சொல்லுங்கள்.

கே (புதுக்கோட்டை): எங்களால் தொடர முடியவில்லை என்றால்?

ப: அலகுக்கு எழுத்தில் கொடுங்கள், அவர்களுக்கு அவகாசமும் கொடுங்கள். வேறு குடும்பம் அமையும்வரை குழந்தை உங்கள் வீட்டில்தான் இருக்கும். பக்கத்திலுள்ள குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. அதற்கு முன்பே, இரவு தூங்கவில்லை, தினமும் சண்டை என்ற கட்டத்திலேயே ஆலோசகரைக் கேளுங்கள். முடியாது என்று ஆகிவிட்டால் குழந்தைக்கு வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள், 'நீ செய்ததால்' என்று மட்டும் சொல்லாதீர்கள். தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று, மருந்துச் சீட்டு, படங்கள், துணி, பதிவேட்டின் நகல் எல்லாம் குழந்தையோடு போக வேண்டும், பையில் மடித்து வைத்து. குப்பைப் பிளாஸ்டிக் பையில் திணித்து அல்ல.