கரு ஸ்டெம் செல்களை மற்ற ஆய்வகங்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

பாடுபட்டு உருவாக்கிய மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் போட்டி ஆய்வகங்களுக்கு எதற்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய இந்தச் செல்களைச் சில வருடங்கள் வளர்த்தவள் நான். கொடுக்கத்தான் வேண்டும் என்பேன்.

குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சிய, ஐந்தாறு நாள் வயதுள்ள கருவிலிருந்து எடுத்த செல்கள் தட்டில் ஓயாமல் பெருகினால் அதை ஒரு 'லைன்' என்கிறோம். 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் முதல் ஐந்து லைன்களை உருவாக்கினார். 2001 ஆகஸ்ட் 9க்குப் பின் உருவாகும் லைன்களுக்கு அரசுப் பணம் கிடையாது என்று அதிபர் புஷ் அறிவித்தார். அதற்கு முன் உருவான லைன்கள் அறுபதுக்கு மேல் இருப்பதாகச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் கைக்கு வந்தவை இருபது சொச்சம்தான்.

அந்த நேரத்தில் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன் செய்ததை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. தவளைக் கருக்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்தது, பிறகு மகளுக்கும். ஸ்டெம் செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை உருவாக்கலாம் என்று இந்தப் பக்கம் திரும்பினார். அரசுப் பணத்தில் வாங்கிய கருவி எதையும் தொடாமல், தனியார் நிதியில் 17 லைன்களை உருவாக்கி, 2004இல் மற்ற ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தந்தார். தன் பிள்ளைகளுக்கு மருந்து யார் கண்டுபிடித்தால் என்ன?

செல்லோடு கைப்பக்குவத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு முதலில் ஓரிடத்திலிருந்து உறைந்த செல்களோடு வந்த குப்பியில் ஒரு துண்டுக் குறிப்புகூட இல்லை. செல்கள் பிழைக்கவில்லை. அடுத்த குப்பியை வேறொரு ஆய்வகம் அனுப்பியது. எத்தனை செல் கொத்துகளாகப் பிரிக்க வேண்டும், எந்த நாள் பிரிக்க வேண்டும் என்று நான்கு பக்கம் கையால் எழுதி வைத்திருந்தார்கள். 37 டிகிரி நீரில் குப்பியை ஆட்டி, கடுகளவு பனி மிஞ்சும்போது எடுத்தோம். ஒரு வாரம் தட்டில் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் நாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் மூன்றே மூன்று காலனிகள், அதாவது செல் கூட்டங்கள், ஓரம் கத்தரித்து வைத்தாற்போல. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகூடச் செல்களின் ஊட்டத் திரவத்தை மாற்ற ஓடினோம்.

ஒரு லைனில் கிடைத்த முடிவு இன்னொன்றில் வராமல் போகலாம். பல லைன்கள் பல கைகளில் இருந்தால்தான் சரிபார்க்க முடியும். நீண்ட நாள் வளர்த்தால் குரோமோசோம்களும் மாறிவிடலாம். 12, 17 எண்ணுள்ளவை கூடுதலாக வருவது அடிக்கடி நடப்பது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் தம்பதிகள். கருவை அவர்கள் ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்கள். அதை ஒரே ஆய்வகம் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதம் எதற்கோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். பெயர் விவரம் வெளியே போகவே கூடாது.

பிரிட்டனில் புது லைன் உருவாக்கினால் தேசிய ஸ்டெம் செல் வங்கிக்கு ஒரு பங்கு கொடுப்பது உரிமத்தின் நிபந்தனை. நீங்களும் லைன் உருவாக்கினால், ஆரம்பகாலக் குப்பிகள் சிலவற்றை முதலிலேயே ஒரு வங்கியில் போட்டுவிடுங்கள். என்றாவது செல்களை உறைநிலையில் வைத்திருக்கும் உங்கள் திரவ நைட்ரஜன் தொட்டி வற்றிப்போனால், அங்கிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.