உயர்தரத்தில் ஏ, பி, சி: பொறியியலுக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் உயர்தரம் (ஏ.எல்.) எடுத்தேன். இணைந்த கணிதம் ஏ, பௌதிகவியல் பி, இரசாயனவியல் சி. அதற்கு முன் எழுதிய சாதாரண தரமும் (ஓ.எல்.) ஏறியிறங்கித்தான் இருக்கிறது. பொறியியலுக்குப் போடலாமா, ஆசையை விட்டுவிடவா?"

போடுங்கள். கொக்குவில் பக்கம் ரியூசன் வகுப்பு எடுக்கிறவன் நான். றிசல்ட் வந்த இரவெல்லாம் இதே கேள்வியோடு போன் அடிக்கும். பிள்ளைகளும் பெற்றோரும் பார்ப்பது எழுத்துகளை. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது இசட் புள்ளியை.

ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால், அதாவது எல்லாருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால், வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து, கூட்டி மூன்றால் பிரித்தால் உங்கள் இசட் புள்ளி. நானாகப் போட்ட எண்களை வைத்துப் பாருங்கள். கணிதத்தில் 80 எடுத்தீர்கள், சராசரி 40, விலகல் 20 என்றால் 2.0 வரும். பௌதிகத்தில் 66 தான், ஆனால் சராசரி 30, விலகல் 15 என்றால் 2.4. அதாவது பி எடுத்த பாடம் ஏ எடுத்த பாடத்தைவிட அதிகம் தூக்கிக் கொடுக்கிறது. இரசாயனத்தில் 57 எடுத்து, சராசரி 42, விலகல் 15 என்றால் 1.0. மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் 1.8. இதே சராசரிகளில் மூன்று பாடத்திலும் 66 எடுத்து மூன்று பி வாங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 1.77 தான் வரும். அவருடைய தாள் பார்க்க வடிவாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கனடாவில் இருக்கிற மாமாமார். "ஏன் புள்ளி குறைந்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடு" என்பார்கள். அங்கே சில இடங்களில் அதற்கு இடமுண்டு. இங்கே பொறியியல் விண்ணப்பத்தில் உங்கள் கதையை வாசிக்க ஆளில்லை. சாதாரண தரத்தையும் இசட் புள்ளியில் சேர்ப்பதில்லை. சில துறைகளுக்கு ஆங்கிலம், கணிதம் போன்றவற்றில் குறிப்பிட்ட சித்தி (தேர்ச்சி) கேட்பார்கள், அதை ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடங்களைப் பிரிக்கிறார்கள். மாவட்டம் என்றதும் வீட்டில் பெரியவர்கள் எழுபதுகளின் தரப்படுத்தலை, தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட அந்த அனுமதி முறையை, தொடங்குவார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, உங்கள் விண்ணப்பத்துக்கு உதவாது. நீங்கள் பார்க்க வேண்டியது யாழ் மாவட்டத்தின் கடந்த சில வருட வெட்டுப்புள்ளிகள். அதுவும் ஒரு மதிப்பீட்டுக்குத்தான். வெட்டுப்புள்ளி முன்கூட்டித் தீர்மானிக்கிற எண் இல்லை, கடைசியாக எடுபட்டவருடைய புள்ளி. வருடத்துக்கு வருடம் மாறும்.

பிள்ளைகள் உண்மையில் கோட்டை விடுவது தெரிவு ஒழுங்கில்தான். "மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை முதலில் போட்டால் மற்றது பறிபோகும்" என்று ஒரு பயம். அப்படி இல்லை. உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி எட்டுகிற முதல் இடத்தைத் தருவார்கள். ஆகவே விருப்பப்படி எழுதுங்கள்: மொறட்டுவை, பேராதனை, ருகுணை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், எது வேண்டுமோ அந்த வரிசையில். பொறியியலோடு நிறுத்தவும் வேண்டாம். கியூ.எஸ். (கட்டட வேலைகளின் அளவும் செலவும் கணக்கிடும் படிப்பு), நில அளவை, கணினி விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் எல்லாம் உங்கள் பாடங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆனால் கிடைத்தால் போய்ப் படிக்கத் தயாராக இருப்பதை மட்டும் எழுதுங்கள். பதிவு செய்த பிறகு அடுத்த முறை விண்ணப்பிப்பது சிக்கல், அந்த நிபந்தனையையும் முதலே வாசியுங்கள்.

முதல் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் உடனே இரண்டாம் முறை எழுதப் புத்தகம் வாங்க ஓடாதீர்கள். இடம் கிடைத்தும் பதியாதவர்களின் வெற்றிடங்களைப் பிறகு நிரப்புவார்கள். வெட்டுப்புள்ளிக்குக் கிட்டத்தில் நிற்கிறவர்கள் அதில் எடுபடுவதுண்டு.

திரும்ப எழுதுவதென்றால் ஒன்று: மூன்று முறை வரை எழுதலாம், ஆனால் மூன்று சித்தியும் ஒரே தடவையில் இருக்க வேண்டும். கணித ஏயைக் கையில் வைத்துக்கொண்டு இரசாயனத்தை மட்டும் கழுவி எடுக்க முடியாது. இரசாயனத்துக்கே வருடம் முழுவதையும் கொடுத்துக் கணிதத்தில் ஏயிலிருந்து 'பி'க்கு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டுப்புள்ளி எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள். போனால் கணிதக் கடந்தகால வினாத்தாள்களை வாரம் ஒன்றாவது செய்துகொண்டே போங்கள்.