ஆன்கா நோய் அடங்கிய பிறகு, வீட்டு வேலைத் தூசியால் அது மீண்டும் சிறுநீரகத்தைத் தாக்குமா?

வீட்டில் டைல்ஸ் மாற்றும் வேலை நடப்பதாகவும், அந்தத் தூசியால் ஆன்கா நோய், அதாவது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சிறிய ரத்தக்குழாய்களைத் தாக்கும் அழற்சி, திரும்பிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நோய் அடங்கி, குறைந்த அளவு மாத்திரையில் இருப்பவர் நீங்கள் என்று எண்ணிக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ரத்தத்தில் காணப்படும் எதிர்ப்பொருளை வைத்து இந்த ரத்தக்குழாய் அழற்சியை பிஆர்3, எம்பிஓ என்று பிரிப்பார்கள்; எனக்கு வந்தது பிஆர்3 வகை. எம்பிஓ வகையைவிட இது திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். மூன்றாம் ஆண்டில் வீட்டுத் தரையை மாற்றினோம். பதினைந்து நாட்கள் கூடத்தில் வைத்தே, தண்ணீர் விடாமல் டைல்ஸை அறுத்தார்கள். மூடி வைத்த அறைக்குள் தலையணை உறையிலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. வேலை முடிவதற்குள் என் மூக்கில் பக்கு கட்டத் தொடங்கியது. காலையில் சிந்தினால் ரத்தம் தோய்ந்த பழுப்புச் செதிலாக வந்தது. தூசி ஒவ்வாமை என்று நானே முடிவு செய்து மூன்று வாரங்களைக் கடத்திவிட்டேன். பிறகு சிறுநீர் நுரைத்தது. பரிசோதித்ததில் புரதமும் சிவப்பணுக்களும் இருந்தன, சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினின் 1.3இலிருந்து 2.1 ஆகியிருந்தது.

தூசிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆதாரம் எங்கே என்று கேட்கப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டைல்ஸ், கல் போன்றவற்றை அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு இந்நோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் நோய் முதன்முதலில் வருவதைப் பற்றியவை. அதோடு, அந்த வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நோயை அடக்கி வைக்க நான் எடுத்துவந்த அசாதயோபிரின் மாத்திரையின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியும் இருந்தது. அக்கிருமி மூக்கில் நிலையாகத் தங்கியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்புகிறது என்று நெதர்லாந்து மருத்துவர்கள் 1994இலேயே எழுதியிருக்கிறார்கள். இம்மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று என் மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என்னை வதைத்தது வேறொன்று. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் நான் உண்டதிலும் உறங்கிய நேரத்திலும் குற்றம் கண்டார்கள். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாதவனிடம், நோயை நீயே வரவழைத்துக்கொண்டாய் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்களிடமும் சொல்வார்கள்; தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

அறுக்கும் நாட்களில் வேறு வீட்டில் தங்க முடியுமானால் தங்குங்கள். முடியாவிட்டால் தண்ணீர் விட்டு, வெளியில் வைத்து அறுக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, மூக்கில் பக்கு கட்டினாலோ, மூட்டு வலித்தாலோ, சிறுநீர் நுரைத்தாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே சிறுநீரையும் கிரியேட்டினினையும் பரிசோதித்துவிடுங்கள். எனக்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்து நோய் மறுபடி அடங்கியது. ஆனாலும் கிரியேட்டினின் 1.7க்குக் கீழே இறங்கவே இல்லை.