தேனீ வளர்ப்போர் கூடும் இடத்தில் உறுப்பினர்களே வியாபாரம் பேசலாமா?

கேள்வி இதுதான்: பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்பவர்கள் இருபது பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசிவந்த இடத்தில், இப்போது சில உறுப்பினர்கள் தங்கள் தேனையும் பெட்டிகளையும் தேனீக் குடும்பங்களையும் (ராணியோடு கூடிய தேனீக் கூட்டங்களையும்) விற்பதற்கு விளம்பரம் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள், இதை அனுமதிப்பதா, அடியோடு தடுப்பதா?

அனுமதிக்கலாம். ஆனால் நோய்க்கு வழி சொல்கிறவரே அதே மூச்சில் விலையும் சொல்ல விடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் மற்ற பெரும்பாலான சிக்கல்கள் தாமாகவே அவிழ்ந்துவிடும் என்பது பதினான்கு ஆண்டுகளாக இதற்குள் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டது. எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி வீடு. இருபத்திரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறேன், பிழைப்பு வேறு. எங்கள் கூடுகைக்கு மேல்புறம், களியல் பக்கத்திலிருந்து வருகிறவர்களோடு கேரளப் பக்கத்து வெள்ளறடையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் வருகிறவர்களும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்தே பேச்சு நடக்கும். நீங்கள் கேட்டிருக்கும் அதே கேள்வி எங்களுக்குள்ளும் எழுந்தது, இரண்டு மூன்று பேர் மனம் கசந்து பிரிந்து போகும் அளவுக்கு வளர்ந்தது.

முதலில், விற்பனை என்றாலே கறை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் பெட்டியில் தேனீ வளர்க்கும் வழக்கம் பரவியதே, ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பக்க வருமானம் வரட்டும் என்ற எண்ணத்தால்தான். திருவிதாங்கூர் அரசின் காலத்தில், 1920-களில், மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்த கைத்தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. பனையேறியும் மரவள்ளி நட்டும் வாழ்ந்தவர்கள் கொல்லைப்புறத்தில் இரண்டு பெட்டி வைத்து, கிடைத்த தேனை விற்றுத்தான் இந்தத் தொழிலைத் தலைமுறை தாண்டிக் கொண்டுவந்தார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் இருப்பதும் அந்த விற்பனையும் அந்த உழைப்பும்தான். பெட்டி அடிக்கும் தச்சர், தேனீக்களை அடக்கப் புகை விடும் புகைமூட்டியைச் செய்யும் கொல்லர், தேன் எடுக்கும் இயந்திரத்தைச் சீர்செய்து தருகிறவர் ஆகியோர் இல்லாமல் புதிதாக ஒருவர் தொடங்கவே முடியாது. அவர்களில் பலர் தேனீ வளர்ப்பவர்களும்கூட. அவர்கள் வாயை மூட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் எல்லை போட வேண்டியது எங்கே என்பதை நான் என் நட்டத்தின் வழியாகவே கற்றுக்கொண்டேன்.

தேனீ வளர்க்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, ஒரு நவம்பர் மாதத்தில், ஐந்து பெட்டிகளில் ஒன்றில், புழுக்கள் வளரும் பகுதியான புழு அறையைத் திறந்தபோது அடை சரியாக இல்லை என்று தோன்றியது. மூடியிருக்க வேண்டிய கண்ணறைகள் பல திறந்தும், மூடியவற்றில் சில ஊசியால் குத்தியதுபோல ஓட்டை விழுந்தும் இருந்தன. உள்ளே புழுக்கள் சுருண்டு கிடக்காமல் நீளவாக்கில் நிமிர்ந்து, தலைப்பக்கத்தைக் கூராகத் தூக்கிக்கொண்டு செத்திருந்தன. ஒன்றை இடுக்கியால் எடுத்தேன். நீர் நிறைந்த சிறிய பை ஒன்று தொங்குவதுபோல இருந்தது. பயந்துபோய் அந்த வாரக் கடைசியில் நடந்த கூடுகையில் எல்லாவற்றையும் விவரித்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே, அது இன்ன நோய் என்றும், சர்க்கரைப் பாகில் ஒரு பொடியைக் கலந்து மூன்று முறை வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அந்தப் பொடி அவருடைய பையிலேயே இருந்தது. ஐந்து பெட்டிகளுக்கும் வாங்கினேன். அங்கிருந்த பதினைந்து பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. விலை சொல்லப்பட்ட பிறகு மறுத்துப் பேசுவது, மற்றவர் வியாபாரத்தைக் கெடுப்பதாக ஆகிவிடும் என்று அவர்கள் தயங்கியிருக்கிறார்கள். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று வாரத்தில் இரண்டு பெட்டிகள் காலியாயின. ஒன்றில் இருந்த தேனீக்கள் கூட்டைவிட்டே பறந்துபோயின. மற்றொன்றில் எஞ்சிய பிடியளவு தேனீக்களை விரட்டிவிட்டு மெழுகுப் பூச்சியின் புழுக்கள் அடையைத் தின்றுகொண்டிருந்தன. அப்போதுதான் களியல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நீண்ட காலமாகப் பெட்டி வைத்திருப்பவர். அடை கட்டியிருந்த மரச்சட்டத்தைக் கையில் எடுத்து வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “மக்களே, இதுக்கு மருந்துன்னு ஒண்ணு கிடையாது. ராணிய அடைச்சு வையி, சீக்குப் பிடிச்ச அடைய வெட்டிக் களை” என்றார். அவர் சொன்னது சரி. அது தாய் சேக்புரூட் என்ற வைரஸ் நோய். 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேரளத்திலும் எங்கள் மாவட்டத்திலும் இந்தியத் தேனீயைக் கிட்டத்தட்டத் துடைத்துப்போட்டது அதே நோய்தான். வைரஸைக் கொல்லும் பொடி எதுவும் இல்லை. நுண்ணுயிர்க் கொல்லி மருந்தைக் கலந்தால் நோய் போகாது, தேனில் மருந்தின் எச்சம்தான் சேரும். ராணியைச் சிறு கூண்டில் சில வாரம் அடைத்து, புதிய புழு இல்லாத இடைவெளி ஒன்றை உண்டாக்கி, வேலைக்காரத் தேனீக்கள் கண்ணறைகளைச் சுத்தம் செய்ய விடுவதும், தாக்குப்பிடித்த குடும்பங்களிலிருந்து மட்டும் பிரித்துப் பெருக்குவதுமே வழி. இதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை. செலவில்லாத வழியை அன்றைய கூடுகையில் யாரும் சொல்லாமல் போனதற்கு விற்பனை குறுக்கே நின்றதே காரணம் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

பொடி விற்றவர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை; அவரும் அதை நம்பியிருக்கலாம். ஆனால் புழு செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறவனுக்கு, கேட்ட அறிவுரையில் எது அனுபவம், எது சரக்கு என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் அந்த நேரத்தில் இருக்காது. அவனுக்குப் பக்கத்தில் இருக்கிற மற்றவர்கள்தான் அந்த நிதானத்தைத் தர வேண்டும். அவர்களின் வாயைக் கட்டிப்போடுகிற எதையும் கூடுகை அனுமதிக்கக் கூடாது.

அதனால் எங்கள் கூடுகையில் நேரத்தை இரண்டாகப் பிரித்தோம். முதல் ஒன்றரை மணி நேரம் கேள்வியும் அனுபவமும் மட்டும். அப்போது யாரும் தன் சரக்கின் பெயரையோ விலையையோ சொல்லக் கூடாது. தேநீர் குடித்த பிறகு விற்கிறவர்கள் திண்ணையில் பொருளை வைத்துக்கொள்ளலாம், அதைப் பற்றி விரிவாகவும் பேசலாம். இதோடு ஒரு நிபந்தனை: ஒருவருடைய பிரச்சினைக்கு வழி சொன்னவர், அந்தப் பிரச்சினைக்கான பொருளை அதே நாளில் அதே ஆளுக்கு விற்கக் கூடாது, வேறொருவரிடம் வாங்கிக்கொள்ளட்டும், அல்லது ஒரு வாரம் கழித்து வாங்கட்டும். இது கடுமையாகத் தோன்றும். ஆனால் ஒரு வார இடைவெளி விழுந்தபோது, வேண்டாத பொருளுக்கான ஆசை பாதி குறைந்துவிடுவதையும், உண்மையிலேயே நல்ல பெட்டி செய்கிறவருக்கு வாடிக்கை கொஞ்சமும் குறையாததையும் நாங்கள் பார்த்தோம்.

தேனீக் குடும்பங்களை விற்பதில் மட்டும் இதற்கு மேலும் ஒரு படி போக வேண்டும். பெட்டியோ புகைமூட்டியோ சரியில்லை என்றால் வாங்கியவருக்கு மட்டும்தான் நட்டம். நோயுள்ள குடும்பத்தை வாங்கினால் சுற்று வட்டாரத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் நட்டம். எங்கள் ஊரில் பெட்டிகள் ரப்பர்த் தேன் எடுக்கும் காலத்தில் இரவோடிரவாக வண்டியேறிக் கொல்லம், பத்தனம்திட்டைத் தோட்டங்கள் வரை போய்வருகின்றன. அங்கிருந்து திரும்பும்போது எதைச் சுமந்து வருகின்றன என்று சோதனைச் சாவடியில் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே விற்கிறவர் பெட்டியைத் திறந்து, புழுச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாரும் பார்க்கக் காட்ட வேண்டும்; கடந்த ஆறு மாதம் அது எங்கெங்கே இருந்தது என்றும் சொல்ல வேண்டும். மூடிய கண்ணறைகள் இடைவெளியின்றி, ஓட்டையின்றி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கண்ணறையின் அடியில் முட்டை ஒன்றே ஒன்று நட்டு வைத்ததுபோல நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; ஒரே அறையில் இரண்டும் மூன்றும் முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் அங்கே ராணி இல்லை, வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடுகின்றன, அந்தக் குடும்பம் நிலைக்காது. மரப்பொந்திலோ சுவரிடுக்கிலோ நேற்றுப் பிடித்ததை இன்று பெட்டியில் போட்டு விற்பதும் நடக்கிறது. நம் நாட்டுத் தேனீ பிடிக்காத இடத்தில் ஒரு நாள்கூடத் தங்காது. வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் அது பறந்துவிடும். புதிய இடத்தில் ராணி இட்ட முட்டை புழுவாகி, அந்த அறை மூடப்படும் வரை பொறுத்திருந்துதான் விற்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். திறந்து காட்ட மறுக்கிறவருக்கு விற்க இடமில்லை. இதில் மட்டும் நாங்கள் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

தேனைப் பொறுத்தவரை எங்களுக்குள் ஏமாற்றுவது கடினம், ஏனென்றால் எல்லாருக்கும் பருவம் தெரியும். எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பரிலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்ந்த மரம் சனவரியில் தளிர்க்கும்போது, செம்பு நிறத் தளிர் பச்சையாக மாறும் நாட்களில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளில் மதுரம் துளிர்க்கும். விரலால் தொட்டால் ஒட்டும். மார்ச் மாதம் முடிவதற்குள் அது அடங்கிவிடும். ஆடி மாத மழையில் நாமே சர்க்கரைப் பாகு வைத்துப் பெட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் புதுத் தேன் என்று குப்பியை நீட்டினால், அது என்ன தேன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எடுத்த மாதமும் இடமும் குப்பியில் எழுதியிருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஈரப்பதத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவது நல்லது. நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆனால் அவசரப்பட்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரப்பர்த் தேன் எளிதில் அதைத் தாண்டிவிடும், பிறகு புளிக்கும். கண்ணறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடப்பட்ட பிறகு எடுக்கிறவர் எப்போதும் குறைவாகவே எடுப்பார். அவருடைய தேனுக்கு விலை கூடுதலாக இருப்பது நியாயம். அந்தத் தேன் குளிரில் உறைந்து மணல்மணலாக ஆனால் அது கலப்படம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உறுப்பினர்களாவது அப்படிச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

கொட்டாத சிறிய தேனீயான கொசுத்தேனீயின் சிறுதேனை இன்ன வியாதி தீரும் என்று சொல்லி விற்பதை அடியோடு தடுத்துவிடுங்கள். விவாதிக்க அதில் ஒன்றுமில்லை.

எல்லா விற்பனையையும் தடுத்துவிட்டால் எளிதல்லவா என்று எங்களிலும் சிலர் கேட்டார்கள், ஓராண்டு அதைச் செய்தும் பார்த்தோம். வியாபாரம் நிற்கவில்லை; வாசலுக்கு வெளியே, மதிலோரத்தில், இருவர் இருவராக நின்று பேசும் பேச்சாக மாறியது. அங்கே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல மூன்றாம் ஆள் இல்லை. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அப்படி வாங்கிய இரண்டு குடும்பங்களிலும் நோய் இருந்தது. அவர் எங்களிடம் அதைச் சொல்லக்கூடத் தயங்கினார், விதியை மீறி வாங்கியது தன் தவறு என்று நினைத்துவிட்டார். அவர் பிறகு வரவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொடி வாங்கிய அன்று நான் நின்ற இடத்தில்தான் அவரும் நின்றார், அவருக்கு நாங்கள் துணை நிற்கவில்லை.

உங்கள் இருபது பேரில் யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் குடும்பங்களைப் பிரிக்கும் காலம் தொடங்கிவிடும், விற்கிறவர்களிடம் அதிகப் பெட்டிகள் இருப்பதும் புதியவர்கள் வாங்க ஆசைப்படுவதும் அப்போதுதான். அதற்கு முந்தைய கூடுகையிலேயே, விற்கிறவர்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து, இதைப் பேசி முடித்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து காட்டும் விதியை அவர்களில் ஒருவரே முன்மொழியும்படி கேட்டுப் பாருங்கள். எங்கள் கூடுகையில் அதை முன்மொழிந்தவர் ஆண்டுக்கு நாற்பது குடும்பங்கள் விற்கிறவர்.