12 மிமீ பிளைவுட்டை வெட்டினாலே ஸ்கேட்போர்டு பலகை ஆகிவிடாதா? வீட்டில் செய்ய என்ன வழி?

நேராக உருட்டிக்கொண்டு போக மட்டும் என்றால் ஆகும். வாலை (பின்முனையை) மிதித்து 'ஆலி' அடிக்க, அதாவது கையால் பிடிக்காமல் பலகையோடு எம்பிக் குதிக்க வேண்டுமென்றால் இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். ஒட்டி முடித்த பிளைவுட்டில் அந்த வளைவு வராது. மெல்லிய மரத்தாள்களை வளைந்த அச்சில் (மோல்டில்) வைத்து ஒட்டும்போதே வர வேண்டும்.

கடைப் பலகை பெரும்பாலும் 7 மேப்பிள் வெனீர் (மெல்லிய மரத்தாள்) அடுக்குகள். ஒவ்வொன்றும் சுமார் 1.5 மிமீ. 3ஆவது, 5ஆவது தாள்களில் மட்டும் இழை குறுக்கே ஓடும், மற்றவற்றில் நீளவாக்கில். அந்தக் குறுக்குத் தாள்கள் இல்லாவிட்டால் பலகை நீளவாக்கில் பிளந்துவிடும். நடுத்தாளுக்கு மேலும் கீழும் அடுக்கு ஒரே மாதிரி இல்லாவிட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். மேப்பிள் கிடைக்காதவர்கள் ஐஎஸ் 710 மரைன் ரகத்தில் (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) 4 மிமீ பிளைவுட் மூன்றை ஒட்டலாம். ஆனால் லேசான வளைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகம் வளைத்தால் வெளித்தாள் வெடிக்கும்.

பசை, தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசையாக இருக்கட்டும். லேமினேட் ஒட்டும் ரப்பர் பசை வேண்டவே வேண்டாம். அது முழுசாக இறுகாது, மிதிக்க மிதிக்கத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். ரோலரால் மெல்லியதாக, ஒரு இடம் விடாமல் தடவி, அச்சில் வைத்து கிளாம்ப்களை நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்குங்கள். ஓரம் முழுக்கப் பசை சிறு முத்துகளாகப் பிதுங்கினால் அழுத்தம் சரி. ஒரு நாள் கழித்துக் கழற்றி, இன்னும் இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். பசையின் ஈரம் மரத்துக்குள் இருக்கும்போதே அறுத்தால் வளைவு தளர்ந்துவிடும்.

இனி வடிவம். எல்லா அளவும் பலகையின் நீளவாக்கில் வரைந்த நடுக்கோட்டை வைத்துதான். 210 மிமீ அகலம், 812 மிமீ நீளப் பலகைக்கு, மூக்கிலிருந்து (முன்முனை) வால்வரை மிமீ கணக்கு இப்படி: 175, டிரக் (சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பாகம்) துளைகளுக்கு 54, இடையில் 362, மறுபடி 54, மிச்சம் 167. துளைகளின் குறுக்கு இடைவெளி 41.3 மிமீ. முனை வளைவு வெளித்துளையைத் தாண்டிய பிறகே தொடங்க வேண்டும். டிரக்கின் அடித்தட்டு வளைவின்மேல் உட்கார்ந்தால் போல்ட் இறுக்கும்போதே அங்கே விரிசல் விழும்.

அறுப்பதற்கு முன்பே துளை போட்டுவிடுங்கள். ஓரம் போன பிறகு நடுக்கோட்டைச் சரிபார்க்க ஆதாரம் இருக்காது. 5.5 மிமீ பிட், மேலிருந்து கீழாக. அடியில் ஒரு கழிவுக் கட்டையை இடைவெளியில்லாமல் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அடித்தாள் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும்.

வெளிவடிவத்துக்குப் பாதி அட்டை போதும். அதை நடுக்கோட்டில் வைத்து ஒருபக்கம் வரைந்து, புரட்டி மறுபக்கம் வரையுங்கள். முழு அட்டை வெட்டி இரண்டு பக்கமும் ஒத்துவரும் என்று நம்புவது வீண்.

ஜிக்சாவில் சிறு பல் பிளேடு போட்டு, கோட்டுக்கு 3 மிமீ வெளியே அறுங்கள். வளைவுகளில் பிளேடின் கீழ்நுனி சாயும். மேலே கோடு சரியாகத் தெரிந்தாலும் அடியில் உள்ளே தின்றிருக்கும். மிச்சத்தை மர அரத்தால் எடுங்கள். மேல்முகத்திலிருந்து பாதி, அடிமுகத்திலிருந்து பாதி, இரண்டுமே தடிமனின் நடுவை நோக்கி. உள்ளிருந்து வெளியே தள்ளினால் ஓரத் தாள் தூக்கிக்கொள்ளும். மூக்கிலும் வாலிலும் நீள இழைகள் வெட்டுமுகமாக வெளியே நிற்பதால் அரம் துள்ளும். அங்கே அழுத்தாமல் நீண்ட இழுப்பாக இழுங்கள்.

ஓர மழுக்கம் 4 மிமீ ஆரம் போதும். அதற்கு மேல் போனால் ஓரம் கத்தி மாதிரி மெலிந்து, வால் தரையில் தட்டியவுடன் சில்லு தெறிக்கும். பிறகு 80, 120, 220 எண் உப்புத்தாள். தண்ணீர் ஏறும் வழி ஓரம்தான், அதனால் வார்னிஷில் அதற்கு மூன்று பூச்சு. முதல் பூச்சு நீர்த்தது.

ஏறுவதற்கு முன் டிரக் வரும் இடங்களில் இரண்டு கட்டைகளை வைத்து, பலகை நடுவில் நின்று மெல்ல எம்பிப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் உள்ளே எங்கோ பசை பிடிக்கவில்லை என்று அர்த்தம். மேலே திருகு போட்டு அதைச் சரிசெய்ய முடியாது, புதிதாகத்தான் ஒட்ட வேண்டும்.

கடைசியாக, கால் வழுக்காமலிருக்க மேலே ஒட்டும் சொரசொரப்பான கிரிப் டேப்பை நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்று விடாமல் ஒட்டி, விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் தண்டால் தேயுங்கள். சுற்றிலும் வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் பிளேடை அடியிலிருந்து சாய்த்து ஓட்டினால் பிசிரில்லாமல் வெட்டுப்படும்.